நெல் வயலில் யார் யாரைத் தின்கிறார்கள்: உணவு வலையை எண்ணிப் படிக்கும் முறை

நெல் இருக்கும் இடத்தில், தண்டின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற பூச்சி இருக்கும். குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட நாற்றுக்கொத்துக்கு) நாலைந்து பூச்சி கடைசிவரை இருந்துவிட்டு, அறுவடையில் ஒரு மணியும் குறையாத வயல் உண்டு. அதே ஊரில், அதே ரகம் நட்ட அடுத்த வயல் வட்ட வட்டமாகக் கருகிச் சாய்வதும் உண்டு. இரண்டு வயலிலும் பூச்சி ஒன்றுதான். அதைத் தின்னும் கூட்டம் எவ்வளவு, அந்தக் கூட்டம் புகையான் வருவதற்கு முன்னால் எதைத் தின்று பிழைத்தது என்பதில்தான் வேறுபாடு.

காவிரிப் படுகையில் முதல்முறை நெல் போடுகிறவர்கள், உயிரியல் படிக்கும் மாணவர்கள், வயலுக்குப் போய்ப் பழகத் தொடங்கும் வேளாண் பணியாளர்கள் ஆகியோருக்கான வழிகாட்டி இது. ஒரு ஏக்கர் சம்பா வயல், ஒரு நோட்டு, வாரம் ஒரு காலைப்பொழுது இருந்தால் போதும். ஓர் உயிரினத்தின் எண்ணிக்கையை மற்றவை எப்படிப் பிடித்து நிறுத்துகின்றன, பிடி எங்கே நழுவுகிறது என்பதை இந்த அளவில் செய்தே தெளிவாகப் பார்த்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

ஒரு பெண் புகையான் இலையுறைக்குள் சுமார் 200 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி பெண், அதாவது 100. ஒரு தாய்க்கு ஒரு மகள் மட்டும் மிஞ்சினால் எண்ணிக்கை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அதற்கு நூற்றுக்கு 99 சாக வேண்டும்.

இப்போது 99 சாகும் இடத்தில் 97 மட்டும் சாகிறது என்று பாருங்கள். மிஞ்சுவது மூன்று. அடுத்த தலைமுறையில் 9, அதற்கடுத்து 27. சாவு 95 ஆக இறங்கினால் மிஞ்சுவது ஐந்து. மூன்று தலைமுறையில் 125. முட்டையிலிருந்து முட்டை இடும் பருவம் வரை சுமார் 25 முதல் 30 நாள்தான் ஆகும் என்பதால் ஒரு சம்பாப் பயிருக்குள் மூன்று தலைமுறை தாராளமாக அடங்கிவிடும்.

தின்னும் கூட்டத்தில் வரும் சிறு குறைவு, தின்னப்படும் கூட்டத்தில் பல மடங்குப் பெருக்கமாக வெடிக்கிறது. 100-ல் 99 பூச்சியைக் கொன்றுகொண்டிருக்கும் கூட்டத்தை நம் கண் கவனிப்பதே இல்லை. அது போன பிறகுதான் கவனிக்கிறோம், அப்போது பயிர் சாய்ந்திருக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கூட்டத்தை உயிரோடு இருக்கும்போதே கணக்கில் எடுப்பதற்காக.

கையில் வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். அடிப்புறம் வெள்ளையான அகலத் தட்டு (சாப்பாட்டுத் தட்டு போதும், விளிம்பு சற்று உயர்ந்திருக்க வேண்டும்). மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள் ஐந்தாறு. பழைய கொசுவலைத் துணி, ரப்பர் வளையம், பென்சில், கோடு போட்ட நோட்டு. வலைக்கரண்டி இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. மழை ஈரத்தில் பேனா மை கரையும் என்பதால் பென்சிலே நல்லது.

படி 1: பெயர் தெரியுமுன் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிலிப்பைன்ஸ் நெல் வயல்களில் ஆய்வாளர்கள் தொகுத்த உணவு வலையில் 687 வகை உயிர்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் பெயர் தேடத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே அலுத்துவிடும். கண்ணில் படும் ஒவ்வொன்றையும் நான்கே கூட்டத்தில் ஒன்றில் போடுங்கள்.

*நெல்லைத் தின்பவை.* புகையான், பச்சைத் தத்துப்பூச்சி, தண்டுத் துளைப்பான், இலைச்சுருட்டுப்புழு, கதிர் நாவாய்ப்பூச்சி.

*அவற்றைப் பிடித்துத் தின்பவை.* சிலந்திகள், மிரிட் நாவாய்ப்பூச்சி, பொறிவண்டு, தரைவண்டு, ஊசித்தட்டான், தட்டான், தண்ணீர்மேல் ஓடும் குட்டி நாவாய்ப்பூச்சி.

*உள்ளே முட்டையிட்டுக் கொல்பவை.* டிரைக்கோகிரம்மா, டெலினோமஸ் போன்ற ஒட்டுண்ணிக் குளவிகள். பெரும்பாலானவை கடுகைவிடச் சிறியவை; ஆளைப் பார்ப்பதைவிட அவை செய்த வேலையைப் பார்ப்பதே எளிது.

*நெல்லையும் தொடாதவை, மற்றதையும் தொடாதவை.* மக்கும் தழையையும் பாசியையும் தின்று சேற்றில் வளரும் உயிர்கள்: கொசு போலிருந்தும் கடிக்காத சேற்று ஈக்கள், அவற்றின் சிவப்பு நெளிபுழுக்கள், வால்குதிப்பூச்சிகள்.

நான்காவது கூட்டத்தைப் புதியவர்கள் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நெல்லுக்கு அதனால் கெடுதலும் இல்லை, நேரடி நன்மையும் இல்லை என்று தோன்றும். ஆனால் வலையில் கனமான முடிச்சே அதுதான். நடவு முடிந்த முதல் மூன்று நான்கு வாரத்தில் வயலில் புகையான் மிகக் குறைவு. சிலந்தி அப்போது பட்டினி கிடப்பதில்லை. சேற்றிலிருந்து எழும் இந்த ஈக்களைத் தின்று, முட்டைப் பை சுமந்து, குஞ்சு பெருக்கிக்கொள்கிறது. புகையான் பறந்து வந்து இறங்கும்போது காவல்படை ஏற்கெனவே வயலில் நிற்கும். 1990களில் ஜாவா தீவின் வயல்களில் நடந்த ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. தொழுவுரம், மடக்கி உழுத சணப்பை, தக்கைப்பூண்டு போன்றவை சேற்றில் மக்கும்போது பயிருக்கு உரமாவதோடு, இந்த ஈக்கள் வழியாகச் சிலந்திக்கும் தீனியாகின்றன.

நான்கு கூட்டத்தையும் நோட்டின் ஒரு பக்கத்தில் எழுதி, தின்னப்படுவதிலிருந்து தின்பதற்கு அம்புக்குறி போடுங்கள். அடிக்கடி கண்ணால் பார்த்த தொடர்புக்குத் தடித்த கோடு, ஒருமுறை பார்த்ததற்கு மெல்லிய கோடு, கேள்விப்பட்டதற்குப் புள்ளிக்கோடு. சிலந்தியிலிருந்து சிலந்திக்கும் ஒரு கோடு போக வேண்டியிருக்கும். பெரியது சின்னதைத் தின்னும். சிலந்தி மிரிட் பூச்சியையும் தின்னும், தவளை இரண்டையும் தின்னும். அதனால் வேட்டைப் பூச்சி பத்து வகை இருந்தால் பத்து மடங்கு பாதுகாப்பு என்று கூட்டிவிட முடியாது.

படி 2: எண்ணும் காலையும் எண்ணும் விதமும்

நடவு முடிந்த 15ஆம் நாள் தொடங்கி வாரம் ஒருமுறை எண்ணுங்கள். கதிர் வெளிவரும் முன்னும் பின்னும் இரண்டு வாரம், அல்லது மேகமூட்டம் நீடித்தால், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. காலை ஆறரை முதல் ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் சிலந்திகள் குத்தின் அடிக்குள் ஒதுங்கிவிடும், தட்டான்கள் பறந்து ஏமாற்றும். பலத்த மழைக்கு மறுநாள் எண்ணிய கணக்கை முந்தைய வாரத்தோடு ஒப்பிட வேண்டாம்.

வரப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் உள்ளே போன பிறகே முதல் குத்து. வரப்போரத்தில் சிலந்தியும் வண்டும் கூடுதலாகத் தெரியும். அதை வைத்து நடு வயலை எடைபோட்டால் தப்பாகும். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடந்து 10 குத்து, அடுத்த மூலையிலிருந்து இன்னொரு 10 குத்து. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், இத்தனை எட்டு என்று முடிவுசெய்துகொண்டு காலடியில் வரும் குத்தை எடுங்கள். கண் தானாகவே பழுத்த குத்தின் பக்கம் போகும், அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஒவ்வொரு குத்திலும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். உங்கள் நிழல் குத்தின்மேல் விழக் கூடாது. தொடும் முன் இலை நுனியில் அந்துப்பூச்சி, முட்டைக் குவியல், தட்டான். நடுவில் நீண்ட தாடைச் சிலந்தி, இலைச்சுருட்டு, பொறிவண்டு. பிறகு மெல்ல விலக்கி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வரை அடித்தண்டு. புகையான் கூட்டம் அங்கேதான். இலையை மட்டும் பார்த்துவிட்டு "பூச்சி இல்லை" என்று வரப்பேறுவதுதான் புதியவர்கள் ஏமாறும் முதல் இடம்.

அடுத்து, வெள்ளைத் தட்டைத் தண்ணீர் மட்டத்தில் சாய்த்துப் பிடித்து, குத்தை உள்ளங்கையால் மூன்று முறை தட்டுங்கள். தட்டில் விழுந்ததை ஓடிப்போகுமுன் எண்ணுங்கள்; ஓடுவதில் வேகம் கூடிய சிலந்தியை முதலில், மிரிட் அடுத்து, புகையான் கடைசியில். பின்பு குத்தைச் சுற்றித் தண்ணீர்மேல் ஓடுவதை எண்ணி, அந்தக் குத்தில் எத்தனை தூர் (அடியிலிருந்து கிளைத்த தண்டு) என்பதையும் எழுதுங்கள். தூர் எண்ணிக்கை இல்லாத கணக்கு பின்னால் எதற்கும் உதவாது.

ஆளை மாற்றிக் காணும் இடங்களைச் சொல்லிவிடுகிறோம். மிரிட் நாவாய்ப்பூச்சி மூன்று மில்லிமீட்டர் நீளம், பச்சையும் கறுப்பும் கலந்தது, ஒல்லியாக நீண்ட உணர்கொம்போடு சுறுசுறுப்பாக ஓடும். புகையான் குஞ்சு பழுப்பாக, ஆப்பு வடிவில் இருக்கும். கிட்டே போனால் தண்டைச் சுற்றிப் பக்கவாட்டில் நகரும், இல்லாவிட்டால் துள்ளும். மிரிட் கூட்டத்தைப் புகையான் என்று எண்ணிப் பதறி மருந்து அடிப்பது நடக்கிறது. மிரிட் பெருகியிருக்கிறது என்றால் அதன் தீனியான புகையான் முட்டை அடங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒன்றை டப்பாவில் போட்டு லென்ஸில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

யார் எவ்வளவு தின்னும் என்பதற்கு நெல் வயல் ஆய்வுகளில் கிடைத்த தோராய அளவுகள்: வலை பின்னாமல் ஓடிப் பிடிக்கும் ஓநாய்ச் சிலந்தி நாளுக்கு 5 முதல் 15 இரை, மிரிட் நாளுக்கு 7 முதல் 10 முட்டை, அல்லது 1 முதல் 5 பூச்சி, குள்ளச் சிலந்தி 4 அல்லது 5 இளங்குஞ்சு, தண்ணீர்மேல் ஓடும் குட்டி நாவாய்ப்பூச்சி 4 முதல் 7, நீண்ட தாடைச் சிலந்தி 2 அல்லது 3. இரை தட்டுப்பட்டால்தான் இந்த அளவு.

படி 3: எண்களை ஒப்பிடும் வடிவுக்குக் கொண்டுவருவது

எடுத்துக்காட்டாக, 20 குத்தில் மொத்தம் 300 தூர், 330 புகையான், 24 ஓநாய்ச் சிலந்தி கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்.

தூருக்குப் புகையான்: 330 ÷ 300 = 1.1
குத்துக்குச் சிலந்தி: 24 ÷ 20 = 1.2

தமிழ்நாட்டு வேளாண் பரிந்துரையில் புகையானுக்கான பொருளாதாரச் சேத நிலை இரண்டாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி. மருந்து அடிக்கலாமா என்று முடிவெடுக்கும் எண்ணுக்குள்ளேயே உணவு வலை உட்கார்ந்திருக்கிறது. மேலே உள்ள வயலில் சிலந்தி போதுமான அளவு இருப்பதால் எல்லை 2, வயல் 1.1-ல் நிற்கிறது. கையை மடக்கிக்கொண்டு மூன்று நாள் கழித்து மறுபடி எண்ண வேண்டும். அதே வயலில் 20 குத்துக்கும் சேர்த்து 6 சிலந்திதான் என்றால் குத்துக்கு 0.3, எல்லை 1-க்கு இறங்கிவிடுகிறது, வயல் எல்லையைத் தாண்டிவிட்டது. புகையானின் எண்ணிக்கை ஒன்றே, முடிவு இரண்டு.

இரண்டு வயலை ஒப்பிட வேண்டுமானால் சதுர மீட்டர் கணக்குக்கு மாற்றுங்கள். 20 × 10 செ.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 50 குத்து; 20 × 15 என்றால் 33; திருந்திய நெல் சாகுபடியில் 25 × 25 என்றால் 16. குத்துக் கணக்கிலேயே ஒப்பிட்டால், திருந்திய முறை வயலில் பூச்சி மூன்று மடங்கு அதிகம்போல் தெரியும். குத்து பெருத்திருப்பதால் வரும் மயக்கம் அது.

வாரா வாரம் இரண்டு கோடு வரையுங்கள்: தூருக்குப் புகையான் ஒன்று, குத்துக்குச் சிலந்தியும் மிரிட்டும் சேர்த்து இன்னொன்று. ஒரே ஒரு வாரத்து எண்ணைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே பெரிது. இரை ஏறி, ஒன்றிரண்டு வாரம் கழித்து மிரிட் ஏறி, பிறகு இரை இறங்குவது நல்ல வயலின் அடையாளம். மிரிட் எப்போதும் இரைக்குப் பின்னால்தான் வரும், ஏனென்றால் அது பெருகுவதற்கே இரை வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்கிப் பிடிப்பது, முன்னமே சேற்று ஈக்களைத் தின்று வளர்ந்து நிற்கும் சிலந்தி. இரைக்கோடு ஏற, சிலந்திக் கோடு தரையோடு கிடந்தால் அதுதான் ஆபத்து.

படி 4: "சிலந்தி உண்மையில் தின்கிறதா?" புட்டிச் சோதனை

புத்தகத்தில் படித்ததை நம்பாதவர்கள் கையால் செய்து பார்ப்பது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீர் புட்டிகள் பத்தை அடியில் வெட்டி, சேறு நிரப்பிய கப்பில் இரண்டு மூன்று தூர் நட்டு, அதன்மேல் கவிழ்த்து, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். எல்லாவற்றிலும் பத்துப் பத்து புகையான். ஐந்தில் மட்டும் ஒவ்வோர் ஓநாய்ச் சிலந்தி. நிழலில் வைத்து 24 மணி நேரம் கழித்து எண்ணுங்கள்.

சிலந்தி இல்லாத புட்டிகளில் செத்தது சராசரி ஒன்று, சிலந்தி இருந்ததில் ஏழு குறைந்தது என்றால், சிலந்தியின் கணக்கு ஆறு. அந்த ஒன்றைக் கழிக்காமல் ஏழு என்று எழுதக் கூடாது. வெக்கையிலும் கைபட்டும் சாவது உண்டு. புட்டி உள்ளே வியர்த்து நீர் வழிந்தால் பூச்சி ஒட்டிச் செத்துவிடும், துணியின் கண் பெரிதாக இருக்க வேண்டும். முட்டைப் பை சுமக்கும் பெண் சிலந்தியையும் தோல் உரிக்கும் சிலந்தியையும் எடுக்காதீர்கள், சரியாகத் தின்னாது. ஒரு புட்டியில் இரண்டு சிலந்தி போட்டால் மறுநாள் ஒன்றுதான் இருக்கும்.

தண்டுத் துளைப்பானுக்கு இதைவிட எளிய சோதனை உண்டு. இலை நுனியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியலை இலையோடு கிள்ளி, ஈரப் பஞ்சு வைத்த கண்ணாடிக் குழாயில் தனித்தனியாகப் போட்டு, பஞ்சால் அடையுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் எந்தக் குழாயில் கறுத்த தலைப் புழு வருகிறது, எதில் குட்டிக் குளவி வருகிறது, எதில் இரண்டும் வருகிறது என்று எழுதுங்கள். இருபது குவியல் சேர்த்தால் குளவியின் பங்கு புரிந்துவிடும். முட்டைக் குவியலைப் பொறுக்கி நசுக்கிவிடுகிறவர்கள், உள்ளிருக்கும் குளவியையும் சேர்த்து நசுக்குகிறார்கள். பொறுக்கியதைக் குளவி பறந்து போகும்படி துணி மூடிய டப்பாவில் வயலோரம் வைப்பது மேல்.

படி 5: கூண்டுச் சோதனை

ஒரு நாள் சோதனை தின்னுவதைக் காட்டும். எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்பதைக் காட்டாது. அதற்கு மூன்று வாரம் வேண்டும். நான்கு மூங்கில் குச்சி ஊன்றி, நான்கு குத்தைச் சுற்றி நைலான் வலை கட்டி, அடியை ஒரு சாண் ஆழம் சேற்றில் புதைத்து, மேல்வாயையும் கட்டுங்கள். முதலில் உள்ளே இருப்பதை முடிந்தவரை கையால் எடுத்துவிட வேண்டும். குத்துக்குப் பத்துப் புகையான் விடுங்கள்.

மூன்று விதக் கூண்டு: முழுதும் மூடியது, மூடிய கூண்டுக்குள் நான்கு ஓநாய்ச் சிலந்தி விட்டது, அதே வலையில் பக்கங்களில் கை நுழையும் அளவு ஓட்டை போட்டது. மூன்றாவது கூண்டு இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். வலை கட்டினால் நிழல் விழும், காற்று குறையும், ஈரம் கூடும்; புகையானுக்கு அதெல்லாம் கொண்டாட்டம். மூடிய கூண்டில் பூச்சி பெருகியது வேட்டை இல்லாததாலா, வலை தந்த நிழலாலா என்பதை ஓட்டைக் கூண்டுதான் பிரித்துக் காட்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று கூண்டு வையுங்கள். வலையின் அடி சரியாகப் புதையாமல் சிலந்தி நுழைந்துவிடுவதுதான் இதில் வழக்கமாக வரும் கோளாறு, வாரம் ஒருமுறை விளிம்பைச் சுற்றிக் கை விட்டுப் பாருங்கள்.

மருந்து அடித்த வயலில் புகையான் ஏன் கூடுகிறது

இதை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். எத்தனையோ குடும்பங்களின் வருமானம் இந்த ஓர் இடத்தில்தான் வீணாகிறது.

நடவு முடிந்த 30ஆம் நாள் இலைச்சுருட்டுப்புழுவுக்காக ஒரு செயற்கைப் பைரித்ராய்டு அடிக்கிறார்கள் என்று வையுங்கள். மேலே நடமாடும் சிலந்தி, மிரிட், குளவி, சேற்று ஈ எல்லாம் மாட்டிக்கொள்கின்றன. புகையானின் முட்டை இலையுறைத் திசுவுக்குள் இருக்கிறது. மருந்து எளிதில் எட்டாது. ஏழு முதல் ஒன்பது நாளில் அவை பொரித்து வெளியே வரும்போது எதிரியே இல்லாத வயலில் கால்வைக்கின்றன. புகையான் ஒரு மாதத்தில் தலைமுறை போடும். ஓநாய்ச் சிலந்தி வளர்ந்து குஞ்சு பொரிக்க மூன்று நான்கு மாதம். தீனியான சேற்று ஈக்களும் செத்திருப்பதால், வெளியிலிருந்து வரும் சிலந்தியும் தங்குவதில்லை. பூச்சி கூடிவிட்டதே என்று இரண்டாம் தெளிப்பு. கதை மறுபடியும் முதலிலிருந்து. செயற்கைப் பைரித்ராய்டுகள், மீதைல் பாரத்தியான், ஃபென்தியான், குயினால்பாஸ் ஆகியவை புகையானைப் பெருக்கிவிடும் என்று பரிந்துரைகளே எச்சரிக்கின்றன.

ஆசியா முழுவதும் இந்தப் பாடத்தை நட்டப்பட்டே படித்தது. 1973-74இல் கேரளத்தில் புகையான் பேரழிவு செய்தது. புகையானைத் தாங்கும் என்று 1973இல் வந்த ஐஆர் 26 நெல் ரகத்தின் எதிர்ப்பு சில ஆண்டுகளிலேயே பயனற்றுப் போனது. இந்தோனேசியா 1986இல் நெல்லில் 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்து, மருந்துக்குத் தந்துவந்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்தி, விவசாயிகளுக்கு வயல்வெளிப் பள்ளிகளில் பூச்சி எண்ணக் கற்றுக்கொடுத்தது. 1990களில் வியட்நாமின் மீகாங் டெல்டாவில் முதல் 40 நாள் இலைதின்னிப் பூச்சிகளுக்கு மருந்து அடிக்காதீர்கள் என்ற பிரசாரம் நடந்தது. அந்த 40 நாளுக்குக் காரணம் உண்டு: இளம்பயிர் இழந்த இலையைப் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிவிடும், சேற்று ஈயும் சிலந்தியும் பெருகும் காலமும் அதுவே. நடவுக்குப் பின் வழக்கத்துக்காகக் குருணை மருந்து தூவுவது அந்தக் காலத்தை அடியோடு கெடுக்கிறது.

படி 6: எல்லை தாண்டினால் என்ன செய்வது

முதலில் தண்ணீரை வடியுங்கள். புகையானுக்கு அடித்தண்டின் ஈரம் வேண்டும்; மூன்று நான்கு நாள் காய விட்டால் அதன் பெருக்கம் தளரும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர்கட்டுவது இங்கே பூச்சி மேலாண்மையும்கூட. பயிரை ஒதுக்கிப் பட்டம் (நடைபாதை போன்ற இடைவெளி) பிரித்துவிட்டால் வெயிலும் காற்றும் அடிக்கு இறங்கும். நடும்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டிருந்தால் இந்த வேலை மிச்சம். உள்ளே போய் எண்ணவும் வழி கிடைத்துவிடும்.

எல்லையை ஒட்டி நிற்கும்போது 5 சத வேப்பங்கொட்டைச் சாறு. 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 மில்லி காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடித்தண்டு நனையத் தெளிக்க வேண்டும். காலையில் கரைத்து காலையிலேயே அடித்தால் சத்து இறங்கியிருக்காது; மேலிலையை மட்டும் நனைத்தால் பூச்சி இருக்கும் இடத்தை எட்டாது.

அதற்கும் அடங்காமல் ரசாயனம்தான் என்ற நிலை வந்தால், வேளாண் அலுவலர் சொல்லும் மருந்தை, தண்ணீர் வடித்தபின், பூச்சி கூடிய திட்டுகளிலும் அதைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டரிலும் மட்டும், அடித்தண்டைக் குறிவைத்து அடியுங்கள். புகையான் திட்டுத் திட்டாகத்தான் தொடங்கும். மீதி வயலில் சிலந்தி தப்பினால் அங்கிருந்து மறுபடி பரவும்.

கீழிருந்து வரும் இழுப்பு: தழைச்சத்து

இதுவரை பேசியது மேலிருந்து தின்னும் கூட்டத்தை. எண்ணிக்கையைக் கீழிருந்தும் தள்ளலாம். யூரியா கூடிய பயிரின் சாற்றில் புரதக்கூறு கூடும். அதைக் குடித்த புகையான் அதிக முட்டை இடும், குஞ்சு அதிகம் பிழைக்கும். பயிரும் அடர்ந்து, அடியில் காற்றோட்டம் நின்றுவிடும். வேட்டைக் கூட்டம் இருந்த அளவிலேயே இருக்க, இரை அதைத் தாண்டி ஓடிவிடும்.

தழைச்சத்தை ஒரே மூச்சில் போடாமல் பிரித்துப் போடுங்கள். இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை இருந்தால், நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை பார்த்து, அளவு 4-க்குக் கீழே வந்தால் மட்டும் மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு அந்த அளவு 3. பக்கத்து வயல் கரும்பச்சையாக இருக்கிறதே என்று கைப்பிடி யூரியா கூடுதலாக வீசாதீர்கள். இரண்டு வாரம் கழித்து நோட்டில் உள்ள இரைக்கோடு அதன் விலையைக் காட்டிவிடும்.

வரப்பும் அறுவடையும்

குளவிக்குத் தேன் வேண்டும், சிலந்திக்கு ஒதுங்க இடம் வேண்டும். வரப்பில் தட்டைப்பயறு, உளுந்து, எள், செண்டுமல்லி, சூரியகாந்தி என நட்ட 20ஆம் நாளுக்குள் பூக்கத் தொடங்கும்படி முன்கூட்டி விதையுங்கள்; நெல்லோடு சேர்த்து விதைத்தால் பூ தாமதமாகும். சீனா, தாய்லாந்து, வியட்நாம் வயல்களில் வரப்பில் பூச்செடி வளர்த்துச் செய்த ஆய்வில், பூச்சிக்கொல்லித் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது, மகசூல் 5 சதவீதம் கூடியது; 2016இல் வெளியான முடிவு இது.

டிரைக்கோகிரம்மா அட்டை (குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை) கட்டுவதானால் ஏக்கருக்கு 2 சிசி, துண்டாக்கி இலையின் அடிப்புறத்தில், வாரம் ஒருமுறையாக மூன்று முறை. அந்துப்பூச்சி நடமாட்டம் கண்ணில் பட்ட வாரமே தொடங்க வேண்டும். புழு உள்ளே போனபின் கட்டினால் பயனில்லை, குளவி முட்டையை மட்டுமே தாக்கும். முன்னும் பின்னும் ஒரு வாரம் மருந்து தெளிக்கக் கூடாது.

குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளைப் பயிருக்கு ஓர் அடி உயரத்தில் ஊன்றினால் இரட்டைவால் குருவி உட்கார்ந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும், இரவில் ஆந்தை எலிக்காக வரும். குருவி தட்டானையும் பிடிக்கத்தான் செய்யும், அந்தக் கோட்டையும் வலையில் வரையுங்கள். பால் பிடிக்கும் பருவத்தில் குச்சிகளைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் மணி தின்னும் குருவிகளுக்கு அவை இருக்கையாகிவிடும்.

அறுவடை நெருங்கும்போது வரப்புப் புல்லை மொத்தமாகச் செதுக்காமல், ஒரு பக்கத்தை இப்போதும் மறுபக்கத்தைப் பத்து நாள் கழித்தும் வெட்டுங்கள். வைக்கோலைக் கொளுத்த வேண்டாம். சின்னக் கட்டுகளாகக் கட்டி வரப்போரம் நிறுத்தினால் ஓநாய்ச் சிலந்தி அதற்குள் ஒதுங்கும். அடுத்த நடவு முடிந்த வாரத்தில் அந்தக் கட்டுகளைத் தூக்கி வயலின் நடுவில் ஆங்காங்கே குச்சியில் சாய்த்து வையுங்கள். 15ஆம் நாள் முதல் எண்ணிக்கையில், கட்டுகளைச் சுற்றிய குத்துகளையும் மற்றவற்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.